தங்கவயலுக்கு வந்த இரும்புக்கை

பூமிக்கடியில் புதைந்து கிடக்கும் பொன்னைத் தேடிப் புறப்படும் வீரன், அவன் வழியை மறிக்கும் காடும் குகையும் கொள்ளையரும், எங்கிருந்தோ தோன்றி அவன் சித்தத்தைக் கலக்கும் பேரழகி ஆகிய இந்தச் சில அம்சங்களை அஸ்திவாரமாகக் கொண்டே உலகத்துப் பழைய படக்கதைகளில் பெரும்பாலானவை எழுந்து நிற்கின்றன என்பதை, அவற்றில் ஓரளவேனும் பழகியவர்கள் அறிவார்கள். ஆனால் அந்தப் பொன் மெய்யாகவே பூமிக்கடியில் கிடந்த ஓர் ஊரில், பாறையைத் துளைத்து அதை வெளியே கொணர்ந்தவர்களின் பிள்ளைகள் கையில் அத்தகைய கதைகள் கிடைத்தால் அவற்றுக்கு என்ன அர்த்தம் உண்டாகும் என்ற கேள்வியை, நம் இலக்கிய உலகம் போதிய சிரத்தையோடு எழுப்பியதாகத் தெரியவில்லை.

அந்த ஊர் கோலார் தங்கவயல். ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-இல் இங்கே தொழிலைத் தொடங்கியது முதல், 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தன் கதவுகளை அடைத்தது வரை, நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேற்பட்ட பொன் இந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும், பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வந்த தமிழ்க் குடும்பங்கள், சாம்பியன் ரீஃபிலும் உரிகத்திலும் மாரிகுப்பத்திலும் கம்பெனி கட்டிய லைன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து அந்தப் பொன்னை எடுத்துக் கொடுத்தன. வாசிப்பு இவ்வூருக்குப் புதிதன்று. அயோத்திதாச பண்டிதர் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ பத்திரிகைக்கு, அவர் காலமாகிப் பல ஆண்டுகள் சென்ற பின், 1920களில் மறுபடி உயிரூட்டி வெளியிட்டவர்கள் தங்கவயல் தமிழர்களே. சுரங்கத்தில் உழைத்த கைகள் அச்செழுத்தையும் கோத்த ஊர் இது.

மலிவுத் தாளில் பிறந்த சாகஸம்

இந்த ஊரில் கம்பெனியார் தொழிலைத் தொடங்கி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தபோது, 1885-இல், ரைடர் ஹாகார்ட் என்ற ஆங்கில நாவலாசிரியர், ஆப்பிரிக்காவின் நடுவே மறைந்து கிடக்கும் சாலமன் அரசனின் சுரங்கங்களைத் தேடிச் செல்லும் மூன்று வெள்ளைக்காரர்களின் கதையை வெளியிட்டார். சாம்ராஜ்யத்தின் ஆசைகளும் அச்சங்களும் ஒருங்கே திரண்ட அந்தக் கதை பெற்ற வெற்றி, அதன் பின் வந்த எண்ணற்ற புதையல் வேட்டைக் கதைகளுக்கு வழிகாட்டிற்று. 1896-இல் அமெரிக்காவில் ஃபிராங்க் மன்ஸி தம்முடைய ‘ஆர்கசி’ பத்திரிகையை மரக்கூழிலிருந்து தயாரித்த மட்டரகத் தாளில் அச்சிட்டு, சாமானியனுக்கும் எட்டும் விலையில் சந்தைக்கு அனுப்பினார். ‘பல்ப்’ என்ற மரக்கூழின் பெயரே அந்தக் கதை வகைக்கும் பெயராகி நிலைத்தது.

டார்ஜான் 1912-இலும், முகமூடி வீரன் ஜோரோ 1919-இலும் இந்த மலிவுத் தாளில்தான் பிறந்தார்கள். பத்திரிகைப் படத்தொடர்களும் விரைவில் அந்த ஊற்றிலிருந்து நீர் அள்ளத் தொடங்கின. 1929 ஜனவரி 7 என்ற ஒரே நாளில் ஹால் ஃபாஸ்டரின் தூரிகையில் டார்ஜானும், விண்வெளி வீரன் பக் ராஜர்ஸும் படத்தொடர்களாகத் தோன்றினார்கள். 1934-இல் அலெக்ஸ் ரேமண்ட் ஃபிளாஷ் கார்டனையும் ஜங்கிள் ஜிம்மையும் வரைந்ததோடு நில்லாமல், துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற டாஷியல் ஹாமெட் எழுத, ரகசிய உளவாளி எக்ஸ்-9 என்ற தொடருக்கும் உருவம் கொடுத்தார். அதே ஆண்டில் மந்திரவாதி மாண்ட்ரேக்கையும், 1936-இல் முகமூடி அணிந்த வேதாளரையும் லீ ஃபாக் சிருஷ்டித்தார். ஆக, நாம் படக்கதை என்று கொண்டாடிய உலகத்தின் வேர், மூன்றாந்தரம் என்று பண்டிதர்கள் ஒதுக்கிய மலிவுப் பத்திரிகைகளின் மண்ணிலேயே ஊன்றியிருந்தது.

சுவரில் மாட்டிய சௌந்தரியம்

இந்தச் சாகஸத்தோடு கூடப் பிறந்தது மற்றொன்று. பத்திரிகையின் அட்டையிலும், நாட்காட்டியின் தாளிலும், சுவரில் ஊசியால் குத்தி மாட்டப்படுவதற்கென்றே வரையப்பட்ட இளம் பெண்ணின் கவர்ச்சிச் சித்திரம் அது. ‘எஸ்குயர்’ பத்திரிகையில் ஜார்ஜ் பெட்டியும், அவருக்குப் பின் ஆல்பர்ட்டோ வார்காஸும், நாட்காட்டிகளில் கில் எல்வ்கிரெனும் தீட்டிய அந்தப் பெண்கள், யுத்த காலத்துச் சிப்பாய்களின் பெட்டிகளிலும் விமானங்களின் மூக்குகளிலும் இடம்பிடித்தார்கள். ‘வியர்டு டேல்ஸ்’ என்ற அமானுஷ்யக் கதைப் பத்திரிகைக்கு 1930களில் மிகத் துணிச்சலான அட்டைப் படங்களை வரைந்தவர் மார்கரெட் பிரண்டேஜ் என்ற பெண்மணி என்பது, இக்கலையைப் பற்றி அவசரத் தீர்ப்பு வழங்க விரும்புவோர் நின்று யோசிக்க வேண்டிய விஷயம்.

கேலிச் சித்திரமும் படக்கதையும் இந்த அழகியைத் தமக்கே உரிய முறையில் சுவீகரித்துக்கொண்டன. மாக்ஸ் ஃபிளைஷரின் கூடத்திலிருந்து 1930-இல் வெளிவந்த பெட்டி பூப் என்ற கேலிச்சித்திர நாயகியின் குட்டைப் பாவாடை, 1934-இல் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் இறுகியபோது நீண்டு தழைந்தது. மில்டன் கானிஃபின் ‘டெர்ரியும் கொள்ளையரும்’ தொடரில் வந்த டிராகன் லேடியும், வேதாளர் தொடங்கிய ஆண்டிலேயே அவரை எதிர்த்து நின்ற ஸ்கை பாண்ட் என்ற விமானக் கொள்ளைக்காரிகளும், வில் ஐஸ்னரும் ஜெர்ரி ஐகரும் உருவாக்கிய வனராணி ஷீனாவும், பார்வைக்கு இன்பம் தரும் பதுமைகளாக வரையப்பட்டவர்களே. எனினும் கதையின் ஓட்டத்திலே அவர்கள் கட்டளையிட்டார்கள், ஆயுதம் ஏந்தினார்கள், வீரனையே சிறைப்பிடித்தார்கள். காட்சிப் பொருளாகவும் காரிய சக்தியாகவும் ஒரே நேரத்தில் நிற்கும் இந்த இரட்டை நிலையே பழைய படக்கதைப் பெண்ணின் ஜீவநாடி. ஒன்றை மட்டும் பார்த்து அவளைப் புகழ்வதும் இகழ்வதும் அரைப் பார்வையே ஆகும்.

தென்னாட்டுக் காட்டில்

இந்த அலை தமிழ் மண்ணை வந்து தொடுவதற்கு அதிக காலம் பிடிக்கவில்லை. 1941-இல் பகவான் இயக்கிய ‘வனமோகினி’ படத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கே. தவமணிதேவி காட்டிலே வளர்ந்த பெண்ணாக எம்.கே. ராதாவுக்கு ஜோடியாகத் தோன்றியபோது, ஹாலிவுட்டின் வனகன்னிகைகள் தமிழ் பேசத் தொடங்கினார்கள் என்றே சொல்ல வேண்டும். 1952-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் டி.ஆர். சுந்தரம், அமெரிக்க இயக்குநர் வில்லியம் பெர்க்குடன் சேர்ந்து தயாரித்த ‘காடு’ படத்தில், ராட் காமெரான் வேட்டைக்காரராகவும் மேரி விண்ட்சர் இளவரசியாகவும் வர, அழிந்துபோன உரோமம் அடர்ந்த யானைகள் நம் வனத்தில் நடமாடின. யுத்தத்தின்போது, 1943 முதல், பெங்களூரின் விமானத் தொழிற்சாலை அமெரிக்க விமானப் படையின் பழுதுபார்க்கும் தளமாக இயங்கிற்று. தங்கவயலிலிருந்து ஒரு பகற்பொழுதுக்குள் போய்த் திரும்பக்கூடிய அந்நகரத்தில் மேலைநாட்டுச் சித்திரமும் சினிமாவும் சிப்பாய்களோடு சிப்பாய்களாகக் குடியேறின.

சுவரில் மாட்டும் சித்திரத்துக்கு நம்மிடையே வேறொரு பரம்பரை இருந்தது. கோவில்பட்டியில் தங்கிச் சீடர்களைப் பயிற்றிய கொண்டையராஜு தெய்வத் திருவுருவங்களை வரைய, அவற்றைச் சிவகாசி அச்சகங்கள் நாட்காட்டிகளாக்கிக் குடிசைகளுக்கும் கொண்டு சேர்த்தன. எண்ணெயும் கரியும் படிந்த உழைப்பாளியின் சுவரில், மேல்நாட்டில் வார்காஸின் பெண் வகித்த இடத்தை நம் நாட்டில் லட்சுமியும் சரஸ்வதியும் வகித்தார்கள். பிற்காலத்தில் வாரப் பத்திரிகைகளில் ஜெயராஜ், சுஜாதாவின் கதைகளுக்கு வரைந்த நவநாகரிக யுவதிகள்தாம், கவர்ச்சிச் சித்திரம் என்ற கலையைத் தமிழ் நடுத்தர வர்க்கத்தின் கூடத்துக்குள் கூச்சமின்றி அழைத்து வந்தவர்கள்.

சிவகாசி தந்த வீரர்கள்

நாட்காட்டி அச்சிட்ட அதே சிவகாசியிலிருந்துதான் தமிழ்ப் படக்கதையின் பொற்காலமும் புறப்பட்டது. 1964-இல் பம்பாயில் டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தார் ‘இந்திரஜால்’ வரிசையை வேதாளர் கதையோடு தொடங்கியிருந்தார்கள். 1972-இல் எம். சௌந்திரபாண்டியன் ‘முத்து காமிக்ஸ்’ வெளியீட்டைத் தொடங்கி, அதன் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’யைத் தந்தார். முல்லை தங்கராசன் ஆசிரியப் பொறுப்பேற்ற அந்த இதழ் வரிசையில் மாண்ட்ரேக், ரிப் கிர்பி, சிஸ்கோ கிட் ஆகியோரோடு, ஹாமெட்டும் ரேமண்டும் படைத்த எக்ஸ்-9, காரிகன் என்ற பெயரில் தமிழ் பேசினார். பிறகு 1984 ஜூலையில் ஒரே சமயத்தில் இரண்டு இதழ்கள் பிறந்தன. சௌந்திரபாண்டியனின் புதல்வர் எஸ். விஜயன் தொடங்கிய ‘லயன் காமிக்ஸ்’ மாடஸ்டி பிளைசியை முதல் நாயகியாக ஏற்றது. தினத்தந்தி குழுமத்திலிருந்து அ.மா. சாமியை ஆசிரியராகக் கொண்டு வந்த ‘ராணி காமிக்ஸ்’ ஜேம்ஸ் பாண்டோடு புறப்பட்டது.

ஓர் இதழின் முதல் அடியை எடுத்து வைக்க ஒரு பெண்ணை, அதுவும் ஆண் துணையை ஆணையிட்டு நடத்தும் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்த அந்தத் துணிவை நாம் உரிய அளவில் பாராட்டவில்லை. 1942-இல் போர்வீரராக இரான் நாட்டில் இருந்தபோது கண்ட அகதிச் சிறுமி ஒருத்தியின் தன்மானமே, மாடஸ்டியின் கதாசிரியர் பீட்டர் ஓ’டொனலின் நெஞ்சில் இருபது ஆண்டுகள் தங்கியிருந்து, 1963-இல் அந்த நாயகியாக உருப்பெற்றது. வீடும் பெயரும் இழந்த ஒருத்தி தன் அறிவாலும் கரத்தாலும் தன்னைத்தானே ஆக்கிக்கொண்ட கதை என்பதாலேயே, கவர்ச்சியான கோடுகளுக்கு அப்பாலும் மாடஸ்டி நம் வாசகரின் மரியாதையைப் பெற்றாள்.

அந்தக் கோடுகள் தமிழ்நாட்டுக்குள் அப்படியே நுழையவும் இல்லை. நீச்சலுடையிலும் இரவுடையிலும் வந்த பெண்களின் மேல் கறுப்பு மையைத் தீட்டி ஆடையை நீட்டிவிடும் வழக்கம் நம் படக்கதை அச்சகங்களில் நெடுங்காலம் இருந்தது. குழந்தைகளுக்குத் தீங்கான பிரசுரங்களைத் தடுக்க இந்தியப் பாராளுமன்றம் 1956-இலேயே ஒரு சட்டம் இயற்றியிருந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், படக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்ற டாக்டர் ஃபிரெடரிக் வெர்த்தமின் குற்றச்சாட்டுகளால் கலங்கிய அமெரிக்கப் படக்கதைப் பதிப்பாளர்கள் தமக்குத்தாமே நடத்தை விதிகளை வகுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் சிவகாசியின் மைப்புட்டியை இயக்கியது சட்டத்தைக் காட்டிலும், பெற்றோர் வீட்டுக்குள் விடக்கூடிய புத்தகமாக இது இருக்கவேண்டும் என்ற அக்கறையே என்று நான் கருதுகிறேன். இதைப் பழமைவாதம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆயினும் அந்த மை இல்லாதிருந்தால், எத்தனையோ சிறுவர் சிறுமியருக்கு அந்தப் புத்தகங்களே எட்டாமல் போயிருக்கும் என்பதையும் நாம் தராசின் மறுதட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மின்சாரமும் இருளும்

இப்போது தங்கவயலுக்குத் திரும்புவோம். இரும்புக்கை மாயாவியின் கதை தமிழர் எல்லோருக்கும் பிடித்தது. எனினும் அதில் வரும் ஒவ்வோர் அம்சமும் தங்கவயலுக்கென்றே எழுதப்பட்டதோ என்று ஐயுறும்படி அமைந்திருக்கிறது. 1962-இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ இதழில், ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளைக் கோடுகளில் பிறந்த லூயி கிராண்டெல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் வலக் கையை இழந்து இரும்புக் கையைப் பொருத்திக்கொண்டவன். உடலில் மின்சாரம் பாய்ந்த கணத்தில், அந்த இரும்புக் கை ஒன்று தவிர மற்ற உடல் முழுவதும் பார்வைக்கு மறைந்துபோகிறது. முதலில் தீயவழி சென்று, பிறகு மனந்திருந்தி நாட்டின் ரகசியப் பணியில் சேர்கிறான்.

விபத்து, மின்சாரம், மறைந்துபோதல் என்ற இந்த மூன்றும் தங்கவயலில் கற்பனைகளாக இருந்ததில்லை. காவிரியின் சிவனசமுத்திர அருவியில் உற்பத்தியான மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே வந்து, 1902-இல் இந்தச் சுரங்கங்களை இயக்கத் தொடங்கிற்று. தேசத்தின் பெரும்பகுதி மண்ணெண்ணெய் விளக்கைக்கூட ஆடம்பரமாகக் கருதிய நாளில், இங்கே மின்சாரம் மனிதரைப் பாதாளத்துக்கு இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தது. 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிற்று. அழுத்தம் தாங்காமல் பாறை தானே வெடித்துச் சிதறும் விபத்துகள் இங்கே உயிர்களையும் அவயவங்களையும் காவுகொண்டன. கல்தூசு நுரையீரலில் படிந்து உயிரை மெல்ல அரித்த சிலிகோசிஸ் நோயோ எண்ணற்ற குடும்பங்களின் ஆண்களை நடுவயதிலேயே பறித்தது. கையிழந்த ஒருவன் அந்த இழப்பையே பலமாக மாற்றிக்கொண்டு எழுகிறான் என்ற கதை, இத்தகைய ஊரிலே வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்க முடியுமா? வேலைக்குச் சென்ற தந்தை மாலையில் முழு உடம்போடு திரும்புவாரா என்ற கவலை குடிகொண்ட வீட்டில், அது ஆறுதலாகவும் நம்பிக்கையாகவும் ஒலித்திருக்கும்.

மறைந்துபோதல் என்பதற்கும் இங்கே தனிப்பொருள் உண்டு. வேதாளர் தம் மண்டையோட்டு மோதிரத்தால் குற்றவாளியின் தாடையில் அழியாத முத்திரை இடுவார். தங்கவயலிலோ முத்திரை இட்டவர்கள் முதலாளிகள். தொழிலாளர் ஒவ்வொருவரின் கைரேகையையும் பதிவு செய்யக் கம்பெனி முனைந்தபோது, அதை அவமானமாகக் கருதிய தொழிலாளர்கள் 1930-இல் ஒன்றுதிரண்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முகமூடி வீரன் தன் முகத்தை விரும்பி மறைத்துக்கொள்கிறான். இந்தத் தொழிலாளியின் முகத்தையோ சரித்திரமே மறைத்துவிட்டு, கைரேகையை மட்டும் கேட்டது.

விஞ்ஞானப் புனைகதையை மிஞ்சிய மெய்யும் இங்கே நடந்தது. 1965-இல், இரண்டு கிலோமீட்டருக்கும் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் பொருத்திய கருவிகளில், வளிமண்டலத்தில் பிறந்து பூமியைத் துளைத்துச் செல்லும் நியூட்ரினோ துகள்களின் தடயம் உலகில் முதன்முறையாகப் பதிவான இடங்களில் ஒன்று இந்தச் சுரங்கம். பாதாளத்தில் அமர்ந்து பிரபஞ்சத்தின் ரகசியத்தைக் கேட்கும் விஞ்ஞானிகள் என்ற காட்சியை எந்தப் படக்கதை ஆசிரியரும் பொறாமையோடு எடுத்துக்கொள்வார். ஆனால் தமிழில் எவரும் அதைப் பெரும் படக்கதையாக்கி நம் கையில் தரவில்லை.

சித்திரத்தில் விடுபட்டவர்கள்

இந்தக் கட்டுரையின் மையக் கருத்து இதுவே. சாகஸக் கதை பொன்னைக் காட்டிற்று. பொன்னைத் தேடிய வீரனைக் காட்டிற்று. அவன் கண்களைப் பறித்த அழகியையும் காட்டிற்று. பாறையைத் துளைத்தவனையும், அவன் மனைவியையும் அது காட்டவில்லை. ஹாகார்ட் முதல் இன்றுவரை, புதையல் கதையின் ஓரத்தில் சுமைதூக்கியாகவும் காட்டுமிராண்டியாகவும் நின்ற மனிதர்களின் சந்ததிகளே, மாயாவியையும் வேதாளரையும் காசு சேர்த்து வாங்கிப் போற்றி வளர்த்தார்கள். சுரங்க மேற்பரப்பு வேலைகளில் உழைத்தும், லைன் வீட்டின் ஒற்றை அறையில் குடும்பத்தைத் தாங்கியும், சுரங்கம் மூடிய பின் குடும்பத்தைக் கரைசேர்த்தும் வந்த பெண்ணின் துணிவு, மாடஸ்டியின் துணிவுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆயினும் அவளுக்கென்று ஒரு கட்டம்கூட வரையப்படவில்லை.

அண்மைக் காலத்தில் திரைப்படம் இக்குறையை வெவ்வேறு வழிகளில் தொட்டிருக்கிறது. 2018-இலும் 2022-இலும் வெளிவந்த பிரசாந்த் நீலின் ‘கே.ஜி.எஃப்’ கன்னடப் படங்கள், பொன்னைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய சயனைடு மண்மேடுகளின் சாம்பல் நிறப் பின்னணியில், பழைய மலிவுப் பத்திரிகைச் சாகஸத்தின் அத்தனை இலட்சணங்களும் பொருந்திய வீரனை உலகறியச் செய்தன. ஆனால் அந்தப் படத்தின் தொழிலாளர்கள், வெளியிலிருந்து வரும் இரட்சகனுக்காகக் காத்திருக்கும் அடிமைகள். தாமே சங்கம் கண்டு, தாமே வேலைநிறுத்தம் செய்து, தாமே பத்திரிகை நடத்திய தங்கவயல் மக்கள் அவர்களில் இல்லை.

2024-இல் வந்த பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ வேறு பாதையை எடுத்தது. வட ஆற்காட்டு உழைப்பாளியே அங்கே வீரன். பொன்னைக் காக்கும் ஆரத்தி என்ற வனதேவதை, ஷீனாவும் வனமோகினியும் வந்த வழியில் வந்தவளாயினும், பார்ப்பவனின் இன்பத்துக்காக நிற்காமல், தன் மண்ணின் உரிமையைக் கேட்டு நிற்கிறாள். அந்தப் படத்தில் உழைக்கும் பெண்கள் முதன்முதலாக ரவிக்கை அணிந்து ஆனந்திக்கும் காட்சி, இந்தக் கட்டுரையின் விஷயத்தோடு ஆழ்ந்த சம்பந்தம் உடையது. கவர்ச்சிச் சித்திரம் பெண்ணின் உடையைக் குறைத்தது. தணிக்கை மை அதை நீட்டிற்று. இரண்டிலும் முடிவு செய்தவர்கள் பிறர். தன் உடல்மீது தனக்குள்ள உரிமையை அவளே கொண்டாடும் காட்சி, நம் சித்திர மரபில் அபூர்வமான ஒன்று.

இனி ஆக வேண்டியது என்ன? முதலாவது, முத்து, லயன், ராணி, இந்திரஜால் இதழ்களை மக்கிப்போகும் குப்பையாக எண்ணாமல், நூலகங்கள் சேகரித்துப் பிரதியெடுத்துப் பாதுகாக்க வேண்டும். சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008-இல் ராஜேஷ்குமார், சுபா, தமிழ்வாணன் முதலியோரின் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது கிடைத்த வரவேற்பு, நாம் மலிவென்று ஒதுக்கியதை உலகம் மதிப்போடு வாசிக்கக் காத்திருக்கிறது என்பதை உணர்த்தியது. இரண்டாவது, தினந்தோறும் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் தங்கவயல் இளைஞர்களிடையே ஓவியர்களும் கதாசிரியர்களும் நிச்சயம் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதிப்பாளர்கள் தாளும் மையும் சன்மானமும் கொடுத்துத் தங்கள் ஊரின் கதையைப் படக்கதையாக்கச் சொல்ல வேண்டும்.

கையிழந்த மனிதன் எழுந்து நிற்பதும், அகதிப்பெண் தலைவியாவதும், முகமற்றவன் நீதி கேட்பதும் சாகஸக் கதையின் உயர்ந்த அம்சங்கள். அவற்றை அயல்நாட்டிலிருந்து கடன் வாங்கி நாம் ஐம்பது ஆண்டுகள் ரசித்துவிட்டோம். அந்தக் கடனைத் தங்கவயலின் சொந்தப் படக்கதையால் திருப்பிச் செலுத்துவதே தமிழ்ப் பதிப்புலகம் இன்று ஏற்க வேண்டிய கடமை.